கழுத்தில் மாட்டாத சாவி

காளியம்மை, மகளைக் கட்டிய ஜிதினை ‘மோனே’, அதாவது மகனே, என்று கூப்பிடுவாள். பெற்ற மகன் அஜீஷை ‘எடா’ என்று கூப்பிடுவாள். கொச்சியின் மட்டாஞ்சேரியில் தாய் தன் மகனை எடா என்பது உலகத்தில் இல்லாத கொடுமை ஒன்றும் இல்லை. அன்பு மிஞ்சினாலும் எடா, கோபம் மிஞ்சினாலும் எடா. பேச்சு வந்த நாளிலிருந்து எடாதான் கேட்டு வளர்ந்தான் அஜீஷ், அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. தங்கச்சி சோனியாவுக்குக் கல்யாணம் ஆகி, மாப்பிள்ளையும் இந்த வீட்டு மாடி அறையிலேயே குடியேறி, ‘மோனே, சாயா ஆறிப்போவுது’ என்று அம்மா அண்ணாந்து பார்த்துக் குரல் கொடுத்த முதல் காலையில்தான் அந்தச் சொல் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று பற்றிய வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஜிதினை இந்த வீட்டுக்குக் கூட்டி வந்ததே அஜீஷ்தான். இரண்டு பேருக்கும் தோப்பும்படியில் கிருஷ்ணபிரசாத் நடத்துகிற தீத்தடுப்புக் கம்பெனியில் வேலை. ஆஸ்பத்திரி, ஓட்டல், மீன் கம்பெனி என்று எங்கெல்லாம் பெரிய ஜெனரேட்டர் இருக்கிறதோ அங்கெல்லாம் அதன் அறைக்குப் பக்கத்தில் சிவப்பு கேஸ் சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும். ஜெனரேட்டரில் தீப்பிடித்தால் அந்த கேஸ் குழாய் வழியாகப் பாய்ந்து அறையை நிறைத்துத் தீயின் மூச்சை நிறுத்த வேண்டும். நிறுத்துமா என்று அவ்வப்போது போய்ச் சோதித்துப் பார்ப்பதுதான் இவர்கள் பிழைப்பு. அப்படி ஒரு மழைநாளில் வேலை முடிந்து வரும்போது, ‘வாடா, ஒரு சாயா குடிச்சிட்டுப் போ’ என்று பள்ளுருத்திக்காரனான ஜிதினை அஜீஷ் வீட்டுக்குள் கூப்பிட்டான். சோனியா சாயா கொண்டுவந்து வைத்தாள். அடுத்த ஓணத்துக்கு ஜிதின் அந்த வீட்டு மாப்பிள்ளை.

ஜிதினிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் அஜீஷுக்குப் பெரிய குறை. குடிக்க மாட்டான், குரலை உயர்த்த மாட்டான். கை துடைத்த துணியைக்கூட நாலாக மடித்துத்தான் பைக்குள் வைப்பான். கார்ப்பரேஷனில் தெருக் கூட்டி இரண்டு பிள்ளைகளை ஆளாக்கிய காளியம்மைக்குச் சுத்தபத்தமான ஆளைக் கண்டால் உருகிவிடும். ‘ஒரு எடத்தப் பெருக்குனா மூலையப் பாக்கணும். மோன் பெருக்குனா மூலையில ஒரு தூசி இருக்காது’ என்று அவள் பக்கத்து வீட்டில் சொன்னது அஜீஷின் காதுக்கு வந்தது. இருபது நாளுக்கு ஒரு தடவை துடைப்பத்தைத் தொடும் மாப்பிள்ளைக்கு இந்தப் பேரா என்று அவன் சுனிதாவிடம் பொருமினான். சுனிதா அவன் பெண்டாட்டி. பஜார் ரோட்டில் சுக்கு கோடவுனில் தரம் பிரிக்கிறவள். ‘நீங்க தொடவே தொடாத துடைப்பத்துக்கு உங்களுக்கு எந்தப் பேரு வேணும்?’ என்று அவள் கேட்டாள். வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி.

இப்போது எரிகிற வயிற்றில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விழுந்திருந்தது. கார்த்திகையில், விருச்சிகம் பிறந்ததும் ஜிதினை சூப்பர்வைசர் ஆக்கப்போவதாக கிருஷ்ணபிரசாத் சொல்லிவிட்டார். கம்பெனிக்கு முதலில் வந்தவன் அஜீஷ். சிலிண்டர் தூக்கித் தூக்கித் தோள் இறங்கிப்போனவன் அஜீஷ். இனி காலையில் ‘நீ இங்கே போ, அங்கே போ’ என்று தங்கச்சி புருஷன் சொல்ல, இவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை இருவரும் போனது காயலோரத்தில் இறால் உரித்து ஐஸில் வைக்கிற செம்மீன் கம்பெனிக்கு. துலாம் மாதம், ஐப்பசி மழைக்காலம். காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும், மத்தியானத்துக்கு மேல் இடி இடித்து மழை கொட்டும். பிள்ளைத்தாய்ச்சியான சோனியா மாசச் சோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக அவன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டதால், ஜிதின் அஜீஷின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தான். மடியில் கருவிப்பை, தோளில் சாய்த்த ஏணி. வழியெல்லாம் ‘பார்த்து மச்சான், குழி’ என்று சொல்லிக்கொண்டே வந்தான். அஜீஷ் ஒரு குழியையும் விடவில்லை.

கம்பெனிக்குள் ரப்பர் பூட்ஸ் போட்ட பெண்கள் ஐஸில் கையை விட்டுச் செம்மீன் உரித்துக்கொண்டிருந்தார்கள். பின்கட்டில் ஜெனரேட்டர் அறை. அதை ஓட்டுகிற அப்பு சேட்டன் இவர்களைக் கண்டதும் பிளாஸ்கிலிருந்து பால் இல்லாத கட்டன்சாயா ஊற்றிக் கொடுத்தார். ஒல்லி உடம்பு, காக்கிச் சட்டை, காதில் எப்போதும் பஞ்சு.

“உங்க சைரன் அடிச்சா நம்ம செம்மீனெல்லாம் திரும்பக் கடலுக்கு ஓடிரும், கேட்டோ,” என்றார் அப்பு சேட்டன். இவர்களோடு பேசிப் பேசி அவருக்கும் தமிழ் பாதி வரும்.

“காதுல பஞ்சு இருக்குல்ல சேட்டா, எந்துக்குப் பயம்?” என்றான் ஜிதின். அவர் சிரித்தார். அஜீஷ் இதையேதான் போன தடவை சொன்னான், அப்போது அவர் இப்படிச் சிரிக்கவில்லை.

சோதனை என்றால் கேஸை அடித்துப் பார்ப்பது இல்லை. அடித்தால் அத்தனை சிலிண்டரும் காலி. முதல் சிலிண்டரின் வாயில் ஒரு பித்தளைத் தலை திருகி வைத்திருக்கும். தீ என்று பேனலுக்குத் தெரிந்தால் அது கறண்ட் அனுப்பும். தலைக்குள்ளிருந்து ஓர் ஊசி பாய்ந்து சிலிண்டரின் வாயைத் திறந்துவிடும். அதனால் சோதனைக்கு முன்னால் தலையைக் கழற்றி வயரோடு தொங்கவிட வேண்டும். பிறகு புகை காட்டினால் சைரன் அடிக்கும், விளக்குச் சுற்றும், ஊசி வெறுங்காற்றில் ‘டக்’கென்று பாயும். எல்லாம் சரி என்று கண்டபின் ஊசியை உள்ளே தள்ளிப் பூட்டி, தலையைத் திரும்பத் திருகிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

கடைசி வேலையை மறந்தால் அதைவிட ஆபத்து வேறில்லை. வயர் இணைப்பு அப்படியே இருப்பதால் பேனலில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் பத்திரம். தீப்பிடித்தால் ஊசி காற்றைக் குத்தும். அதனால் கம்பெனி ஆட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதி வைத்தது இல்லை. தலையைக் கழற்றுகிறவன் தன் வண்டிச் சாவியை அந்தச் சிலிண்டரின் கழுத்தில் மாட்டிவிட வேண்டும். வீட்டுக்குப் போக சாவியைத் தேடி வருகிறவன் தலையைப் பார்க்காமல் போக முடியாது.

ஜிதின் தலையைக் கழற்றித் தொங்கவிட்டுக் கையை நீட்டினான்.

“மச்சான், சாவி தா.”

“எந்தச் சாவி?”

“வண்டிச் சாவி. கழுத்துல மாட்டணும்ல.”

“உன் சாவிய மாட்டு.”

“என் வண்டி சோனியாகிட்டல்ல இருக்கு.”

“அதுக்கு நான் எந்து செய்ய? கழட்டுனது நீ. கழட்டுனவன் சாவியத்தான் மாட்டணும்.”

“வெறுதே பெணங்காதே மச்சான். ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதான போறோம்?”

“சூப்பர்வைசர் ஆகப்போற ஆளு. உனக்கு ஞாபகம் வர என் சாவி வேணுமாக்கும்?”

ஜிதின் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு, “செரி, வேணாம்,” என்று சிரித்துவிட்டுப் பேனல் பக்கம் போய்விட்டான். சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்த அஜீஷுக்கு அந்தச் சிரிப்பும் பொறுக்கவில்லை.

அஜீஷ் ஏணியில் ஏறி நின்று, கூரையிலிருந்த, புகையை மோந்து பேனலுக்குச் சொல்லும் மூக்குகளுக்குக் கம்பு நுனியில் புகைக் குப்பியை நீட்டி அழுத்தினான். முதல் மூக்கு பிடித்ததும் மணி அடித்தது. இரண்டாவதும் பிடித்ததும் சைரன் வீறிட்டது. உரிக்கிற பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு ஏதோ கத்திச் சிரித்தார்கள். சற்றுப் பொறுத்து, வெளியே தொங்கிய பித்தளைத் தலைக்குள் ‘டக்’. ஜிதின் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். எல்லாம் சரி.

அவன் ஊசியைப் பூட்டும் கருவியைப் பையிலிருந்து எடுக்கிற நேரத்தில்தான் போன் அடித்தது.

“ஆங், அம்மே... வேல முடிஞ்சது. எந்தா? எனக்கு எதானாலும் போதும்... கரிமீன் கிட்டுமா இப்ப? இலையில பொதிஞ்சு பொள்ளிக்கிறதா? அய்யோ, எனக்கு வேண்டி அவ்வளவு கஷ்டப்படாதீங்க...”

ஜிதின் சூப்பர்வைசர் ஆகப்போவதற்காக ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விருந்துச் சாப்பாடு. அதற்கு என்ன மீன் வாங்குவது என்று காளியம்மை மீன் கடையில் நின்று மாப்பிள்ளையிடம் கேட்கிறாள். அஜீஷ் ஏணி மேல் நின்றபடியே தன் போனை எடுத்துப் பார்த்தான். அம்மா இவனைக் கூப்பிடவில்லை. இவனுக்குக் கரிமீன் முள் தொண்டையில் சிக்கும், சின்ன வயசிலிருந்தே ஆகாது. அது பெற்றவளுக்குத் தெரியாதா?

ஜிதின் பேசிக்கொண்டே கருவியைப் பைக்குள் போட்டான், பேசிக்கொண்டே அப்பு சேட்டன் நீட்டிய சோதனைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான், பேசிக்கொண்டே முற்றத்துக்குப் போனான். “மச்சான், அம்மெ கேக்குது, செம்மீனும் வேணுமான்னு!” என்று அங்கிருந்து குரல் கொடுத்தான்.

“உன்னத்தான கேக்குது? நீயே சொல்லு!” என்றான் அஜீஷ்.

ஏணியை மடக்கி எடுத்துக்கொண்டு சிலிண்டர் பக்கம் வந்தபோது பார்த்தான். பித்தளைத் தலை வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. சிலிண்டரின் வாய்மேல் ஒன்றும் இல்லை.

கூப்பிட வாயெடுத்தான். எடுத்த வாயை மூடிக்கொண்டான். திங்கட்கிழமை இன்ஷூரன்ஸ்காரன் வந்து ஒவ்வொரு சிலிண்டராகத் தட்டிப் பார்ப்பான். தொங்குகிற தலையைப் பார்ப்பான். சோதனைக் காகிதத்தில் ஜிதினின் கையெழுத்து. அதோடு சூப்பர்வைசர் பதவி போச்சு. மூலையில் தூசி விடாத மோன் ஒரு ஜெனரேட்டரையே மறந்துவிட்டுப் போனான் என்று ஊரே சொல்லும். நாளை ஒரு நாள்தானே, ஞாயிற்றுக்கிழமை, என்ன ஆகிவிடும்? அஜீஷ் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். திரும்பும் வழியில் குழிகளை ஒதுக்கி ஓட்டினான். மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

அன்று சாயங்காலம் சுனிதாவுக்கு முல்லைப்பூ வாங்கிவந்தான். சுக்கு வாசனையோடு நின்ற அவள் பூவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எந்தா விசேஷம்?”

“ஒண்ணுமில்ல. சும்மா.”

“நீங்க சும்மா சிரிச்சா எனக்குப் பயமா இருக்கும்,” என்றாள் சுனிதா. ஆனாலும் பூவை வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காளியம்மை விடிந்ததிலிருந்து அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. குடம்புளி போட்ட மீன்கறி சட்டியில் கொதித்தது. கப்பைக் கிழங்கை வேகவைத்துத் தேங்காய் போட்டுக் கிண்டினாள். மசாலா தடவிய கரிமீனை வாழையிலையில் பொதிந்து கல்லில் போட்டபோது இலை கருகுகிற மணம் சந்து முழுக்கப் போனது. வயிறு தள்ளிய சோனியா நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

எல்லாரும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். காளியம்மை இருந்ததில் பெரிய கரிமீனை ஜிதினின் இலையில் வைத்தாள்.

“தின்னு மோனே. நாளைக்கு நாலு பேர வேல வாங்கப்போற ஆளு.”

“மச்சான் இருக்குறப்ப நான் யார வேல வாங்க அம்மே? எனக்குத் தொழில் காட்டிக் குடுத்ததே மச்சான்தான்.”

“கேட்டியாடா?” என்று காளியம்மை மகனைப் பார்த்தாள். “இதுதான் கொணம்.”

வேறொரு நாளாக இருந்தால் அஜீஷ் இலையை மூடிவிட்டு எழுந்திருப்பான். இன்று கப்பையை மீன்கறியில் தோய்த்து நிதானமாகச் சாப்பிட்டான். இன்னும் ஒரே ராத்திரி, அப்புறம் இந்தக் குணத்தை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள் என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டான். செம்மீன்கூட நன்றாக இருந்தது.

அப்போது ஒரு இடி விழுந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. தலைக்கு மேல் மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது.

“கறண்ட் போச்சு,” என்றாள் சோனியா.

“பஜார் முழுக்கப் போயிருக்கும். இனி சாயங்காலம்தான்,” என்று சொல்லி சுனிதா ஒரு விசிறியை எடுத்துக் கொடுத்தாள்.

அஜீஷின் கை கப்பையிலேயே நின்றது. பஜார் முழுக்கப் போயிருந்தால் செம்மீன் கம்பெனியிலும் போயிருக்கும். ஐஸ் அறைக்குள் மீன் கிடக்கிறது. இந்நேரம் அப்பு சேட்டன் ஜெனரேட்டரைக் கிளப்பியிருப்பார். மழை ஓட்டில் சடசடவென்று கொட்டியது. அதற்கிடையிலும் காயல் பக்கமிருந்து ஓர் உறுமல் கேட்பதுபோல் இருந்தது. உண்மையில் கேட்டதோ, அவன் நெஞ்சுதான் அடித்துக்கொண்டதோ. டீசல் குழாய் கசிந்தால் போதும். சூடான இரும்பில் ஒரு சொட்டு விழுந்தால் போதும். பச்சை விளக்கு எரிகிறது என்று நம்பி அந்த மனுஷன் பக்கத்திலேயே நிற்பார்.

இப்போதே ஜிதினிடம் சொல்லலாம். சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பான். கேட்கமாட்டான், அதுதான் இன்னும் மோசம், முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பான்.

“எடா, எங்க எழுந்திரிக்கிற? முள்ளு குத்துனதா?” என்றாள் காளியம்மை.

“கூட்டுக்காரன் ஒருத்தன் வரச் சொன்னான். இப்ப வரேன்.”

“இந்த மழையிலயா?” என்று சுனிதா கேட்டு முடிப்பதற்குள் அவன் பைக்கைக் கிளப்பிவிட்டான்.

கம்பெனிக்குள் உரிக்கிறவர்கள் யாரும் இல்லை. அறைக்குள் ஜெனரேட்டர் முழு வேகத்தில் உறுமிக்கொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது. வெளியே சிலிண்டர்கள், பேனலின் பச்சை விளக்கு, அப்பு சேட்டனின் பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் ஆள் இல்லை. சாயா குடிக்கப் போயிருப்பார், நல்லதாகப் போயிற்று, யார் கண்ணிலும் படாமல் மாட்டிவிட்டுப் போய்விடலாம் என்று அஜீஷ் நினைத்தான். தொங்கிக்கொண்டிருந்த பித்தளைத் தலையைக் கையில் எடுத்தான்.

அதைத் திருகுவதற்கு முன் ஊசி உள்ளே பூட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். இந்த வேலையில் பால்குடி மறக்காதவனுக்கும் தெரிந்த விஷயம். அஜீஷ் பார்க்கவில்லை. அவசரம் ஒரு காரணம்தான். உண்மையான காரணம் வேறு. தலையை மாட்ட மறந்தவன் ஊசியைப் பூட்டவும் மறந்திருப்பான் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ஜிதின் அல்லவா? கைத்துணியை நாலாக மடிக்கிறவன் அல்லவா? அம்மாகூட ஜிதினை இவ்வளவு நம்பியிருக்க மாட்டாள். பொறாமைப்பட்டுப் பொறாமைப்பட்டு, அவன் தப்பே செய்யமாட்டான் என்று உலகத்தில் முழுசாக நம்பியிருந்த ஒரே ஆள் அஜீஷ்தான்.

வாயில் வைத்துத் திருகினான். கடைசிச் சுற்றில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஊசி சிலிண்டரின் வாயைக் குத்தியது.

அடுத்து எழுந்த சத்தத்தில் அவன் பின்னால் விழுந்தான். சிலிண்டர்கள் ஒன்றையடுத்து ஒன்று திறந்துகொண்டன. குழாய்கள் உதறின, வெள்ளை உறைபனி படிந்தது. பேனலுக்கு ஒன்றும் தெரியாததால் சைரன் அடிக்கவில்லை, விளக்குச் சுற்றவில்லை, ஓடிப்போ என்று யாரும் யாரையும் எச்சரிக்கவில்லை. கதவுக்கு அந்தப்பக்கம் ஜெனரேட்டர் மூச்சுக்கு இழுத்து, இருமி, நின்றது.

காசு போச்சு, வேலை போச்சு என்றுதான் அஜீஷுக்கு முதலில் தோன்றியது. அதற்குப் பிறகுதான் கதவோரம் விரித்து வைத்திருந்த குடையைப் பார்த்தான். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த மழையில் குடையை விட்டுவிட்டு யார் சாயா குடிக்கப் போவார்?

“அப்பு சேட்டா!”

கேஸ் அடித்த அறைக்குள் போகாதே என்பதுதான் இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. உள்ளே விழுந்தவனைத் தூக்கப் போனவனும் அவன் மேலேயே விழுவான். அஜீஷ் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு கதவைத் திறந்தான். வெள்ளைப் புகை குளிரோடு முகத்தில் அறைந்தது. கேஸ் தாழத்தான் தேங்கும் என்பதால் தலையைத் தாழ்த்தாமல், கையால் தடவிக்கொண்டே போனான். டீசல் தொட்டிக்குக் கீழே காலில் ஓர் உடம்பு தட்டியது. காக்கிச் சட்டையின் காலரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இழுத்தான். மூச்சு முட்டி, கண் இருட்டி, இனி முடியாது என்கிறபோது முதுகில் மழை விழுந்தது.

முற்றத்துத் தண்ணீரில் அப்பு சேட்டனைக் கிடத்தி நெஞ்சை அழுத்தினான். கன்னத்தில் அறைந்தான். “சேட்டா, ஒண்ணு இருமு சேட்டா,” என்று கெஞ்சினான். காவல்காரன் ஓடிவந்தான், ஐஸ் அறையிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள். எவ்வளவு நேரமோ, அப்பு சேட்டன் இருமினார். அஜீஷ் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

ஆம்புலன்ஸ் போனபிறகு கிருஷ்ணபிரசாத்தின் கார் வந்து நின்றது. அதற்குப் பின்னால் ஸ்கூட்டரில் முழுக்க நனைந்து ஜிதின். பேனலில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்துக் காவல்காரன் அவனைத்தான் கூப்பிட்டிருந்தான். ஜிதின் நேராகச் சிலிண்டர் பக்கம் போனான். திருகியிருந்த பித்தளைத் தலையைப் பார்த்தான். திரும்பி அஜீஷைப் பார்த்தான். அந்தப் பார்வையில் சனிக்கிழமை நடந்தது முழுக்கத் திரும்ப ஓடுவது அஜீஷுக்குத் தெரிந்தது: நீட்டிய கை, கொடுக்காத சாவி, முற்றத்திலிருந்து கேட்ட கேள்வி, ஏணியோடு கடைசியில் வெளியே வந்தவன்.

“அஜீஷ், லீவு நாளில் நீ இங்கே எதற்கு வந்தாய்?” என்று கேட்டார் கிருஷ்ணபிரசாத். கோபம் வந்தால் அவர் மலையாளம் இன்னும் சுத்தமாகிவிடும்.

அஜீஷ் நனைந்த சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான்.

“நான்தான் சார் அனுப்புனேன்,” என்றான் ஜிதின். “நேத்து தலைய மாட்ட மறந்துட்டேன். சோறு திங்கும்போது ஞாபகம் வந்துச்சு. நீ போய் மாட்டிட்டு வான்னு மச்சான அனுப்புனேன். ஊசி பூட்டலன்னு சொல்ல விட்டுப்போச்சு. தப்பு முழுக்க எனக்குத்தான்.”

ஒரு சொல் தடுக்கவில்லை. முன்பே எழுதிவைத்துப் படித்தவன் மாதிரி சொன்னான். கிருஷ்ணபிரசாத் மழையில் நின்றபடியே அவனைக் கிழித்தெடுத்தார். இனி நீ பேனல் பக்கம் போகவேண்டாம், சூப்பர்வைசர் பேச்சை மறந்துவிடு, வேலையில் வைப்பதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டும் என்றார். பிறகு அஜீஷின் ஈரத்தோளில் கைவைத்தார். உயிரைப் பணயம் வைத்து ஓர் ஆளைக் காப்பாற்றியிருக்கிறாய், விருச்சிகத்திலிருந்து சூப்பர்வைசர் வேலையை நீ பார்த்துக்கொள் என்றார். ஜிதின் தலைகுனிந்து நின்றான். அஜீஷும்தான். பார்க்கிறவர்களுக்கு அது அடக்கமாகத் தெரிந்தது.

அவர்கள் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி சந்துக்கு வந்துவிட்டது. அப்பு சேட்டன் ஆஸ்பத்திரியில் கண் விழித்துக் கஞ்சி கேட்டாராம். காளியம்மை வாசலிலேயே மகனைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, தன் முந்தானையால் தலையைத் துவட்டினாள்.

“எம் மோன். எம் பொன்னு மோன். சாவுக்குள்ள கையவிட்டு ஒரு உசுரக் கொண்டாந்திருக்கு.”

சுனிதா கட்டன்சாயா கொண்டுவந்து கொடுத்தாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. இவனை அவள் அப்படிப் பார்த்துப் பல வருஷம் ஆயிற்று. வாசற்படியில் ஜிதின் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான். காளியம்மை அவன் பக்கம் திரும்பவில்லை.

“என்னதான் போன்ல பேசுனாலும், கை செய்யுற வேலைய மனசு பாக்கணும்ல? ஒரு ஆளக் கொன்னிருப்பியே,” என்றாள், சுவரைப் பார்த்து.

“தப்புதான் அம்மே,” என்றான் ஜிதின்.

அஜீஷுக்கு ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அம்மாவின் வாயிலிருந்து அந்தச் சொல், பதவி, பெண்டாட்டியின் பார்வை, எல்லாம். சாயா டம்ளரோடு தலையைத் தூக்கி ஜிதினைப் பார்த்தான். சாப்பாடும் பதவியும் மாமியாரின் பிரியமும் ஒரே மழையில் போன ஆள், சட்டையை உதறிக் கொடியில் சுருக்கம் இல்லாமல் காயப்போட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு வாட்டம் இல்லை. கொடுத்தவன் முகம் அது. அதைப் பார்த்ததும் அஜீஷுக்கு இதுவரை எரிந்ததெல்லாம் எரிச்சலே இல்லை என்று ஆகிவிட்டது. தனக்கு இந்த வீட்டில் என்ன கிடைத்தாலும் இனி அது இவன் பார்த்துப் போட்டதாகத்தான் இருக்கும்.

“அவன் என்னை அனுப்பல,” என்றான்.

“எந்தா?” என்றாள் காளியம்மை.

“மச்சான், விடு,” என்றான் ஜிதின்.

“நீ பேசாதே! அவன் என்னை அனுப்பல அம்மே. சனிக்கிழமையே தலை தொங்குறதப் பாத்தேன். பாத்துட்டுத்தான் ஏணியத் தூக்கிட்டு வந்தேன். திங்கக்கிழமை இன்ஷூரன்ஸ்காரன்கிட்ட இவன் மாட்டிக்கட்டும்னு விட்டுட்டு வந்தேன். இன்னிக்கு ஊசியப் பாக்காம மாட்டுனதும் நான்தான்.”

தலையில் இருந்த முந்தானை அசையாமல் நின்றது. பிறகு காளியம்மையின் கை மெல்ல விலகியது. மாடிப்படியில் நின்ற சோனியா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஜிதின் கொடியை விட்டு வந்தான். அவன் குரல் முதல் தடவையாக நடுங்கியது. “எதுக்கு மச்சான் இத இப்ப சொன்ன? நான் ஏத்துக்கிட்டேன்ல? எல்லாம் முடிஞ்சுபோச்சுல்ல?”

“முடிஞ்சுபோச்சா? என் வேலையும் நீ தரணும், என் பேரும் நீ தரணும், எங்கம்மெ என் தலை துவட்டுறதும் நீ பாத்துக் குடுத்துத்தான் எனக்குக் கிட்டணுமா? இந்த வீட்ல நீ ஒருத்தன் மட்டுந்தான் நல்லவனா இருக்கணுமா?”

சுனிதா அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். முகத்தில் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை, நிமிர்ந்து பார்க்கும் துணிவு இல்லை.

“வீட்டுக்குள்ள சொல்லிட்டீங்க,” என்றாள். “நாளைக்கு சார்கிட்டயும் சொல்லுவீங்களா?”

அஜீஷ் அதுவரை யோசித்திருக்கவில்லை. சொன்னால் பதவி இல்லை, வேலையே இருக்காது. இந்தக் கொச்சியில் எந்தக் கம்பெனியும் அவனைச் சிலிண்டர் பக்கம் விடாது. சொல்லாவிட்டால் எல்லாம் இருக்கும். அவன் ஜிதினைப் பார்த்தான்.

வேண்டாம் என்று ஜிதின் அவசரமாகத் தலையை ஆட்டினான்.

அது போதுமாக இருந்தது.

“சொல்லுவேன்,” என்றான் அஜீஷ்.